அந்தக் கோடுதான் உங்க வீட்டுக்காரர்

அவர் வீட்டு வாசல் பலகையில் ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு. எழுத்து பிரெஞ்சு எழுத்து. கோடு எந்தப் பாஷையிலும் கோடுதான்.

சைகோனில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் நாங்கள் மாட்டுக்கொட்டகை போட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. காரைக்காலிலிருந்து கல்யாணம் ஆன கையோடு கப்பலேறி வந்தவள் நான். பெயின்ட் தீர்ந்துபோய்ப் பாதியில் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக் கேட்டேன்.

"அய்யா, மிச்சத்த எப்ப எழுதுவீங்க?"

"எழுதி முடிச்சாச்சும்மா."

"ஒரு எழுத்துதானே இருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு அது போதும். தெரியாதவங்களுக்கு எதுக்கு எம்பேரு?"

இப்படிச் சொன்னவருக்கு என்ன வேலை தெரியுமா? பெயர் எழுதுகிற வேலை. ஆற்றங்கரையில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கம்பெனியின் கிட்டங்கி இருந்தது. வருகிற பெட்டி, போகிற பெட்டி எல்லாவற்றின் மேலும் யாருக்குப் போகிறது, எந்த ஊர் என்று கறுப்பு மையில் எழுதுவார். நாள் முழுக்க ஊரார் பெயரை எழுதிவிட்டு வந்து வீட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயது இருக்கும். குள்ளம். தனி ஆள். சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருப்பார், கழுத்துப் பொத்தான் உட்பட.

எங்களுக்குள் பழக்கம் ஏற்படக் காரணம் எங்கள் செவலைப் பசு. அது அவருடைய பாதிரியாரைத் தின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சந்தில் பாய் விரித்து, தன்னுடைய புத்தகங்களை வெயிலில் காயப்போடுவார். எல்லாம் இங்கிலீசுப் புத்தகம். பிரெஞ்சுக்காரன் ஊரில் இங்கிலீசை யார் சீண்டப்போகிறார்கள்? செவலை சீண்டியது. நான் ஓடி வருவதற்குள் தோல் அட்டை மட்டும் மிச்சம்.

"அய்யோ, அய்யா! என்ன பொஸ்தகம் அது?"

"பாதிரியாரும்மா. பிரசங்கம். மூணு பாகம் இருந்துச்சு, இப்ப ரெண்டு. போவட்டும், சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அன்று செவலை அரைப்படி கூடக் கறந்தது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தப் புத்தகங்கள் வந்த விதம் இது. யாரோ ஓர் இங்கிலீசுக் கப்பல்காரர் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அவருடைய பெட்டி கிட்டங்கியில் ஒரு வருஷம் கிடந்தது, கேட்க ஆள் இல்லை. ஆற்றில் போடு என்றார்கள். இவர் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சின்ன வயதில் நாகப்பட்டினத்தில் ஒரு துரையிடம் இரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்ததில் கொஞ்சம் இங்கிலீசு தெரியும். மீதியைப் பெட்டிக்குள்ளிருந்த அகராதியே சொல்லிக்கொடுத்ததாம். எல்லாம் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் லண்டனில் அச்சானவை. எழுதினவன், அச்சடித்தவன், வாங்கினவன், படித்தவன் எல்லாரும் மண்ணுக்குள் போய் எலும்பும் மிஞ்சியிருக்காது. ஆனால் இவர் வாயில் "பொஸ்தகம்" என்ற சொல்லே வராது. எல்லாரும் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரிதான்.

"குதிர வைத்தியரு என்ன சொல்றாருன்னா…" என்று ஆரம்பிப்பார். குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் செய்ய வேண்டியதை எழுதியவர் அவர். அதில் முதல் ஆறு பக்கம் குதிரையே வராதாம். யாரோ ஒரு பிரபுவைச் சூரியனே சந்திரனே என்று புகழ்ந்திருக்கும். அப்புறம்தான் சாணி.

ஒரு பஞ்சாங்கக்காரர் இருந்தார். வருஷம் முழுக்க எந்த நாளில் மழை, எந்த நாளில் காற்று என்று முன்கூட்டியே எழுதிவைத்தவர். லண்டனுக்கு எழுதியது. நம் ஆள் அதை இங்கே வைத்துப் பார்ப்பார். தை மாதம் தார் உருகுகிற வெயிலில் ஒருநாள் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். "இன்னைக்குப் பனி கொட்டும்னு போட்டிருக்காரும்மா. கொட்டாட்டியும் அவரு மனசு நோகக் கூடாதுல்ல."

கப்பல் பயணம் எழுதிய ஒருவர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பனிமலை இருப்பதாக எழுதியிருந்தாராம்.

"நீங்கதான் அங்க ரெண்டு வருசம் இருந்தீங்களே, பாத்தீங்களா?"

"பாக்கலம்மா. நான் பாக்காத பக்கமா இருந்திருக்கும்."

இப்படித்தான் அவர். பொய்யன் என்று ஒருவனைச் சொல்லிவிட மாட்டார்.

எனக்குப் பிடித்தது சமையல்காரி. இருநூறு விதமாகச் சமைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதில் பாதிப் பக்கங்களைக் குண்டூசி போட்டு மூடிவைத்திருந்தார். என்ன என்று கேட்டால் செவலையைக் கண்ணால் காட்டி, "அதுக்கு முன்னாடி வேணாம்மா" என்றார். மாட்டு நாக்கு, மாட்டு வால் சமாசாரம். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியவள் பெயரே கிடையாது. 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் போட்டிருந்ததாம்.

"பேரு இல்லியா?"

"கோடுகூட இல்லம்மா. அவ்வளவு பெரிய எடம்."

கோடு விஷயத்துக்கு வருகிறேன். கதைப் புத்தகமோ கடுதாசிப் புத்தகமோ, அந்தக் காலத்து இங்கிலீசில் பெரிய மனிதர் யாராவது வந்தால் முதல் எழுத்தைப் போட்டு, பின்னால் ஒரு கோட்டை இழுத்துவிடுவார்களாம். பிரபு இன்னார் என்று எழுதுவது கிடையாது. ஊர்ப் பெயருக்கும் அதே கோடு. எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கே அப்போதெல்லாம் எனக்கு அரை நாள் ஆகும், அதுவும் தமிழில். ஆனால் கோடு தெரிந்தது. பக்கம் முழுக்கப் படுத்துக்கிடந்தது.

"மரியாதைம்மா," என்றார். "பெரியவங்க பேரக் கண்டவன் வாயில போடக் கூடாதுன்னு. நீங்க உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுவீங்களா?"

"சிவ சிவா!"

"பாத்தீங்களா. நமக்கும் அவங்களுக்கும் ஒரே பழக்கம்."

எனக்கு அந்த இங்கிலீசுக்காரர்கள் மேல் அன்றைக்கு ஒரு மதிப்பே வந்துவிட்டது.

மனிதர் இதைத் தன் வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்பார். இவர் முதல் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு, காற்றில் விரலால் ஒரு கோடு இழுப்பார்.

"அம்பாளுக்கு யாருன்னு எப்படிய்யா தெரியும்?"

"அம்பாளுக்கே தெரியலைன்னா அர்ச்சனை எதுக்குங்க?"

குருக்கள் மணியை அடித்தார்.

ஒரு தடவை கிட்டங்கியில் கை தன் போக்கில் போய்விட்டது. ஒரு பிரெஞ்சு மதாமின் தொப்பிப் பெட்டி மேல் முழுப் பெயருக்குப் பதில் எழுத்தும் கோடும் போட்டு அனுப்பிவிட்டார். பெட்டி மூன்று நாள் ஊர் சுற்றியது. அந்த எழுத்துக்காரி ஒவ்வொருத்தியும் திறந்து, தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, தன்னுடையது இல்லை என்று திருப்பி அனுப்பினாளாம். கடைசியில் உரியவளுக்குப் போனபோது அதில் இரண்டு இறகு குறைந்திருந்தது. மேனேஜர் மேசை மேல் குத்திக் கத்தினாராம்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எம்பேர முழுசாச் சொல்லித் திட்டிட்டாரும்மா," என்றார். திட்டு வாங்கியதில் அவருக்கு வருத்தமில்லை. பெயரைச் சொன்னதில்தான்.

பிரெஞ்சுக் கவர்மெண்டுக்கும் கம்பெனிகளுக்கும் மனு எழுதத் தெரியாத தமிழர்களெல்லாம் அவரிடம்தான் வருவார்கள். காவல்காரர், கடைக்காரர், வண்டிக்காரர். எல்லாருக்கும் எழுதிக்கொடுப்பார், காசு வாங்க மாட்டார். பெயரை முழுசாகக் கேட்கிற இடத்தில் வந்தவர்களையே கிறுக்கிக்கொள்ளச் சொல்லிவிடுவார். எழுதிக்கொடுத்தவர் என்ற இடத்தில் தன் எழுத்து, தன் கோடு. கம்பெனி ஆட்கள் வெளியாருக்கு மனு எழுதக் கூடாது, எழுதினால் வேலை போகும் என்று கிட்டங்கிச் சுவரில் ஒட்டியே வைத்திருந்தார்களாம். அதை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை.

நாங்கள் சந்துக்கு வந்த இரண்டாம் வருஷம், நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு கறவைப் பசுக்கள் சிங்கப்பூர் வரை கப்பலில் வருகின்றன என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரர் அவற்றை ஓட்டிவரப் போனார். இருபது நாளில் வந்துவிடுவேன் என்றார். ஒன்றரை மாதம் ஆகியும் ஆளைக் காணோம். ஒருநாள் காரைக்கால்காரரான சாரங்கு ஒருவர், கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரி, கப்பலிலிருந்து இறங்கி நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தார்.

"தங்கச்சி, மச்சான் உசுரோடதான் இருக்காரு. மொதல்ல அதக் கேட்டுக்க. படகுலேருந்து எறங்கறப்ப தண்ணில வுழுந்துட்டாரு. இடுப்புப் பையோட காயிதமும் போயிடுச்சு. காயிதம் இல்லாத தமிழன்னா தோட்டத்துலேருந்து ஓடியாந்த கூலின்னு புடிச்சி உள்ள போட்டுட்டானுவ."

"சொல்லவேண்டியதுதானே, நான் பால்காரன்னு?"

"புடிச்ச எல்லாரும் அப்படித்தான் சொல்லுறானுவளாம். அடுத்த மாச அமாவாசைக்குள்ள ஆருன்னு யாராச்சும் எழுதிக் காட்டலைன்னா, ரப்பர் தோட்டத்துக்கு ஏத்தி அனுப்பிடுவானுவ. அங்க போனா மூணு வருசம்."

எனக்கு அப்போது ஐந்து மாதம். கொட்டகையில் ஆறு மாடு.

சைகோன் கவர்மெண்டு ஆபீசுக்கு ஓடினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு "பெயர்?" என்றார். யார் பெயர் என்று கேட்டேன். "உன் புருஷன் பெயர்." நான் தரையைப் பார்த்தேன். மறுபடி கேட்டார். மயில் மேல் ஏறுகிறவர் என்று கையால் காட்டினேன். அவருக்கு மயில் தெரியுமோ என்னவோ, நான் பறந்து போகப்போவதாக நினைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். வியாழக்கிழமை வா என்றார். எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை.

பெயரைச் சொல்லாமலே காரியம் நடக்கும் இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. நேராக அந்தப் பலகை வாசலுக்குப் போனேன்.

"மொத எழுத்து மட்டும் சொல்லுங்கம்மா."

"முருங்கைக்காய்க்கு வர்றது."

"போதும்," என்றார்.

மூன்று நாள் எழுதினார். வேலைக்குப் போய்வந்த நேரம் தவிர விளக்கு அணைக்கும்வரை அதே வேலை. இங்கிலீசுத் துரைக்கு இங்கிலீசில் எழுத வேண்டும், அதுவும் தான் அறிந்தவர்கள் எல்லாரையும் கலந்துகொண்டு எழுத வேண்டும் என்பது அவர் தீர்மானம். பன்னிரண்டு பக்கம் வந்தது. எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். முதல் நான்கு பக்கம் குதிரை வைத்தியர். சிங்கப்பூர்த் துரையைச் சூரியனே என்றது. அடுத்தது பாதிரியார், செவலை விட்டுவைத்த பாகத்திலிருந்து கண்ணீர். பிறகு கப்பல் பயணம் எழுதியவர் வந்து காற்று எந்தப் பக்கம் அடித்தது, படகு எப்படிக் கவிழ்ந்தது என்று பனிமலை இல்லாத குறையாகச் சொன்னார்.

"சமையக்காரிய விட்டுட்டீங்களே?"

"கடைசிப் பக்கம் அவங்கதாம்மா. இன்னது செய்யணும்னு வரிசையா, சுருக்கமாச் சொல்ல அவங்களுக்குத்தான் வரும். மொதல்ல ஆள வெளிய எடுக்கணும். சுத்தமாத் தொடைக்கணும். ஆறுறதுக்குள்ள அடுத்த கப்பல்ல வெச்சி அனுப்பணும்."

"அது சரி, இதுல எங்க வீட்டுக்காரரு எங்க வர்றாரு?"

பதினோராம் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

"இது என்ன, கோடு?"

"அந்தக் கோடுதாம்மா உங்க வீட்டுக்காரரு."

கொஞ்ச நேரம் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் நீளமாப் போடுங்கய்யா. ஆளு ஒசரம்," என்றேன்.

மனுஷர் சிரிக்கவில்லை. பேனாவைத் தொட்டுக் கோட்டை அரை விரல்கடை நீட்டினார். ஊருக்கு ஒரு கோடு, துரைக்கு ஒரு கோடு, அடியில் தனக்கு ஒரு கோடு. இது போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன ஆகும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அது ரொம்பச் சரியாகவே பட்டது. நான் சொல்லவில்லை, அவர் எழுதவில்லை. இரண்டு பேரும் மரியாதையாக இருந்து என் புருஷனைத் தோட்டத்துக்கு அனுப்பப் பார்த்தோம்.

மனுவை எடுத்துப் போன சாரங்கு பதினைந்து நாள் கழித்துப் பதில் கொண்டுவந்தார். விடிகாலை, பால் கறக்கிற நேரம். அவர் கப்பல் மறுபடி அன்று உச்சிவேளைக்கே கிளம்பியது. அதற்கு அடுத்த நடைக்குள் அமாவாசை தாண்டிவிடும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் நம்மவரை எழுப்பிக் கொட்டகைக்கு அழைத்து வந்தேன். படித்துவிட்டு வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த எழுத்துல அவங்க கைவசம் ஏழு பேரு இருக்காங்களாம்மா. முழுப் பேரும் அப்பா பேரும் வேணுமாம். மனு எழுதினவன் யாரு, எங்க வேல பாக்குறான், அதுவும் முழுசா வேணுமாம். பேரில்லாத ஆளோட மனுவ வாங்க மாட்டாங்களாம்."

"எழுதிட வேண்டியதுதானே அய்யா?"

"எப்படிம்மா எழுதுவேன்? அந்தப் பெட்டி மொத்தத்துலயும் ஒருத்தனுக்குத்தான் ஊரு பேரு, தகப்பன் பேரு எல்லாம் முழுசாப் போட்டிருக்கு. தூக்குல போட்ட திருடனுக்கு. அவன் கடைசியாப் பேசினத அச்சடிச்சி, அன்னைக்கே கூட்டத்துல வித்தாங்களாம். உங்க வீட்டுக்காரர அவனோட சேக்கச் சொல்றீங்களா?"

"மொதல்ல நான் பேரச் சொல்லணுமே!" என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. புருஷன் பெயரோடு மாமனார் பெயரும். ஊரில் எல்லாரும் என் புருஷனைப் பால்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாரங்குக்கு மச்சான். குருக்களுக்குச் செவ்வாய்க்கிழமை அர்ச்சனைக்காரர். பெயரைக் கேட்டுக்கொள்ள வேறு ஆள் இல்லை.

அந்த நேரத்தில் பா ஹாய் வந்தாள். தோளில் மூங்கிலைப் போட்டு இரண்டு பக்கமும் கஞ்சிப் பானை தொங்கவிட்டுக்கொண்டு சந்து சந்தாகக் கஞ்சி விற்கிற வியட்நாம்காரி. பா என்றால் அம்மணி, ஹாய் என்றால் இரண்டு. மூத்த பிள்ளையை அங்கே ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், பேய் தூக்கிப் போய்விடுமாம். அதனால் மூத்தவள் இரண்டு. தமிழ்க்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றியே பாதித் தமிழ் பேசுவாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஒன் புருசனுக்கு நம்பர் இல்ல?" என்றாள். "வீட்டுல எத்தினியாவது? நம்பர் எழுது, அனுப்பு."

"மூணாவது. நம்பர் எல்லாம் அங்க செல்லாது, பா ஹாய்."

அவள் யோசித்தாள். "எங்க மாமனார் பேரு, மீனு. கல்யாணம் ஆன நாள்லேந்து மீன நான் மீனு சொல்லல. தண்ணில கெடக்குறது சொல்லுறேன். முப்பது வருசம்." பிறகு கஞ்சிப் பானையை இறக்கி வைத்தாள். "ஆளுகிட்ட சொல்லாத. ஆளு இல்லாததுகிட்ட சொல்லு. இவரு கேட்டா, அது இவரு தப்பு."

செவலை பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டு நின்றது. ஒரு பாதிரியாரையே உள்ளே வைத்துக்கொண்டு மூச்சுவிடாத மாடு. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதைத் தூக்கி, புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் சொன்னேன். சந்து முனைவரை கேட்கிற மாதிரிதான் சொன்னேன். செவலை காதை ஒரு உதறு உதறியது.

"நான் உங்ககிட்ட சொல்லல அய்யா," என்றேன்.

"எனக்கு எதுவும் சொல்லலம்மா," என்றார்.

கணக்குப் பலகை மாதிரி இருந்த என் புண்ணாக்குப் பெட்டி மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார். இந்தத் தடவை யாரையும் கலந்துகொள்ளவில்லை. குதிரை வைத்தியர் வரவில்லை, பாதிரியார் வரவில்லை. நாலே வரி. இன்னார், இன்னார் மகன், சைகோனில் மாடு வைத்துப் பால் விற்கிறவர், கூலி இல்லை. அவ்வளவுதான். அடியில் வந்து பேனா நின்றது. கை நடுங்கியது.

"என்னய்யா?"

"பஞ்சாங்கத்துல இன்னைக்குக் குளிருன்னு போட்டிருக்கும்மா," என்றார். எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

பிறகு எழுதினார். ஓர் எழுத்து, அதற்கடுத்து ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து. கோடு வரும் வரும் என்று பார்த்தேன், வரவே இல்லை. பெயருக்குக் கீழே கம்பெனியையும் கிட்டங்கியையும் எழுதினார்.

"உங்க பேரயும் முழுசாப் போட்டுட்டீங்களா?"

"உங்க வீட்டுக்காரரு மட்டும் அப்படி நிக்க வேணாம்மா. கூட ஒருத்தர் நிக்கட்டும்."

சாரங்கு அதை உச்சிவேளைக் கப்பலில் எடுத்துப் போனார். அமாவாசைக்கு நான்கு நாள் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். ஒரு பசுவோடு. இன்னொன்று அங்கேயே யாரோடோ போய்விட்டது. ஆள் இளைத்திருந்தார், உயரம் குறையவில்லை. அந்த நாலு வரிக் காகிதத்தின் மேலேயே முத்திரை குத்தி, இதுதான் இனி உன் காகிதம் என்று கொடுத்து அனுப்பினார்களாம். முதல் பன்னிரண்டு பக்கத்தை மட்டும் துரை கொடுக்கவில்லை. அதைத் தன் சிநேகிதர்களை உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவாராம், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களாம். லாக்கப் வரை கேட்குமாம்.

உள்ளே கிடந்தது, பட்டினி, கொசு எதையும் அவர் பெரிதாகச் சொல்லவில்லை. சாரங்கு சொல்லிவிட்டிருந்தார் போலிருக்கிறது, வந்தவுடன் கேட்டது ஒன்றுதான்.

"ஏ புள்ள, எம்பேர மாட்டுக்கிட்ட சொன்னியாமே?"

"நீங்க மாட்டுக்காகத்தானே போனீங்க?"

"அப்பா பேரயுமா?"

"அதையும்தான்."

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கறந்துவிட்டு வந்து, "செவலை என்னையப் பாக்குற பார்வையே மாறிப்போச்சு" என்றார்.

நான் சிரித்துக்கொண்டிருந்த அதே வாரம் அந்தக் கடுதாசி வந்தது. சிங்கப்பூர்த் துரை எழுதியது, கம்பெனி முகவரிக்கு, இவருடைய முழுப் பெயர் போட்டு. துரைக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த மனுவைப் பாராட்டி, தன் பாட்டனாரின் பாட்டனார் எழுதிய மாதிரி இங்கிலீசு எழுதுகிற மனிதர் இந்தக் காலத்தில் இருக்கிறாரா, சைகோன் பக்கம் வந்தால் கை குலுக்க ஆசை என்று எழுதியிருந்தாராம். அதை மேனேஜர் பிரித்துப் படித்தார். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு மனு எழுதியிருப்பார்! கோடு ஒருநாளும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் ஒருத்திக்குத்தான் முழுசாக எழுதினார்.

புனோம்பென்னில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி வரச் சொல்லியிருந்தார். படகு ஏறுகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு செம்பு பாலோடு போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல், சண்டைக்குப் போகிறவள் மாதிரி ஆரம்பித்தேன்.

"கோடுன்னா மரியாதைன்னு சொன்னீங்களேய்யா."

"சொன்னேன்."

"மரியாதை போயி வேலையும் போச்சே."

சமையல்காரியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பொஸ்தகம் இருக்கும்மா. எழுதுறவங்களப் பத்தி ஒருத்தரு எழுதினது. கோடு மரியாதைக்கு இல்லியாம். பெரிய மனுசங்களத் திட்டி எழுதிட்டு, கோர்ட்டுக்கு இழுத்துருவாங்கன்னு பயந்து போடுறதாம்."

அவர் வாயில் 'பொஸ்தகம்' என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இத எப்பப் படிச்சீங்க?"

"பெட்டி வந்த மொத மாசமே."

"அப்புறம் ஏன் எங்ககிட்ட மரியாதைன்னு சொன்னீங்க?"

"பயம்னு சொன்னா நீங்க மதிப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப அன்னைக்கு ஒங்க கை நடுங்குனது?"

"குளிருதாம்மா," என்றார். பாலை நின்றபடியே குடித்தார், செம்பைக் கழுவிக் கொடுத்தார். ரிக்‌ஷாவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு பார்க்கவில்லை.

பலகையை அவர் எடுத்துப் போகவில்லை. கொட்டகையில் கன்றுகள் கட்டும் இடத்தில் அதை அடித்துவைத்தோம், மழைச்சாரல் அடிக்காமல் இருக்க. முத்திரை குத்திய அந்த நாலு வரிக் காகிதம் ரொம்ப வருஷம் அரிசிப் பானைக்குள் இருந்தது. என் மகள் பள்ளிக்கூடம் போய் வந்து ஒருநாள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். அப்பா பெயர் வந்ததும் கைதட்டினாள். கடைசியில் இன்னொரு பெயர் இருக்கிறதே, இது யார் என்று கேட்டாள். அப்படித்தான் அவருடைய முழுப் பெயர் எனக்குத் தெரிந்தது. நல்ல பெயர். அவர் உயரத்துக்குப் பெரிய பெயர்.

ஆனால் இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை முழுசாக எழுதிப் பட்டது போதும். அவர் பெயர்: வ————.

தெரிந்தவர்களுக்கு அது போதும். ஆள் குள்ளம்தான். இருந்தாலும் கோட்டை நீளமாகவே போடுங்கள் என்று அச்சுக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன்.